பக்கம் உடைஞ்சா யார் சரிசெய்வது?

எஸ்.பி.எம். முடித்த தம்பி ஒருவன் போன மாதம் கிளைக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தான். "அண்ணா, நம்ம கிளைக்கு இணையப் பக்கம் செய்யச் சொல்லியிருக்காங்க. ட்ரீம்வீவர் மாதிரி இழுத்துப் போடுற மென்பொருள் எடுக்கவா, இல்ல நோட்பேட்லயே எழுதவா?"

இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது. தப்பான முடிவு எடுத்து ஒரு ராத்திரி முழுக்க முழிச்சவன் நான்.

இரண்டு வருடத்துக்கு முன் விடுமுறை முகாமுக்கு ஒரு பதிவுப் பக்கம் செய்தேன். இழுத்துப் போடும் வகை மென்பொருள்தான். பேர் வேணாம், தப்பு என்னுடையது. மேலே படம், நடுவில் விவரம், கீழே கூகுள் ஃபார்முக்குப் போகும் பொத்தான். என் மடிக்கணினியில் பார்த்தால் அவ்வளவு அழகு! வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் ஓர் அக்கா எழுதினார்: "தம்பி, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு." இன்னொருவர், "பொத்தானை அமுக்கவே முடியல, மேல ஏதோ மறைக்குது." பதிவு மறுநாள் மதியத்தோடு முடிகிறது. நான் முதன்முறையாக அந்தப் பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமே புரியவில்லை.

உலாவிக்குத் தெரிந்தது எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். மாதிரியான நிரல்தான். நாம் படத்தை இழுத்துப் போடும்போது மென்பொருள் நமக்குப் பதிலாக அந்த நிரலை எழுதுகிறது. இது ஏமாற்று வேலை இல்லை. டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் எழுதிய முதல் உலாவியிலேயே பக்கத்தைப் பார்த்தபடி திருத்த முடிந்தது. 1996-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய ஃப்ரண்ட்பேஜ், 1997-இல் மேக்ரோமீடியா வெளியிட்ட ட்ரீம்வீவர் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. ஆகவே "நிரல் எழுதுறவன்தான் கெட்டிக்காரன்" என்று யாராவது அலட்டினால் கண்டுக்காதீங்க.

என் பிரச்சினை வேறு. நான் வைத்த ஒவ்வொரு பெட்டிக்கும் இடப்பக்கத்திலிருந்து இத்தனை பிக்சல், மேலிருந்து இத்தனை பிக்சல் என்று மென்பொருள் இடம் குறித்துவிட்டது. எழுத்து பெரிதானால் ஒரு பெட்டி வளரும். கீழே இருக்கும் பெட்டி நகராது, பொத்தான் மறைந்துவிடும். எறும்பு எழுத்துக்குக் காரணம் இன்னொன்று. வியூபோர்ட் என்ற மெட்டா வரி இல்லாவிட்டால், ஐபோன் அந்தப் பக்கத்தைச் சுமார் 980 பிக்சல் அகலம் என்று நினைத்துக்கொண்டு சுருக்கிக் காட்டும். அந்த வரியைச் சேர்த்தேன். எழுத்து பெரிதானது, ஆனால் பெட்டிகள் வலப்பக்கம் திரையைத் தாண்டி ஓடிவிட்டன. விடியற்காலை மூன்று மணிக்கு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு நோட்பேடில் நாற்பது வரி எழுதினேன். தலைப்பு, பத்தி, பொத்தான், அவ்வளவுதான். இடம் எதுவும் குறிக்காததால் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தானே அடுக்கிக்கொண்டது. அழகு இல்லை. ஆனால் எல்லாருக்கும் திறந்தது.

அதனால் தம்பியிடம் சொன்னேன்: "ஒரே ஒரு நாள் தேவைப்படுற பக்கம்னா இழுத்துப் போடு. நாலு வருஷம் நிற்கணும், அடுத்த செயலாளர் திருத்தணும்னா, முதல்ல கையால எழுதிப் பழகு. அதுக்கப்புறம் எந்த மென்பொருள் எடுத்தாலும், அது உள்ளே என்ன எழுதுதுன்னு உனக்குத் தெரியும்."

நோட்பேட் போதும். விஷுவல் ஸ்டூடியோ கோட் இலவசம், வண்ணம் காட்டும், மூட மறந்த குறிகளைக் கண்டுபிடிப்பதும் சுலபம். நோட்பேடில் சேமிக்கும்போது கோப்பின் பெயர் கடைசியில் டி.எக்ஸ்.டி. ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். ஒட்டினால் உலாவி நிரலையே அப்படியே காட்டும்.

தமிழில் எழுதும் நமக்கு இன்னொரு கவனம் வேண்டும். யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் 5 குறியீடுகள், ஆக 15 பைட். சார்செட் வரியை எழுத மறந்தால், உலாவி ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக நினைத்து, தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளாகக் கொட்டக்கூடும். பயப்படாதீங்க, அந்த வரியைச் சேர்த்தால் தமிழ் திரும்பி வந்துவிடும். ஆனால் தமிழ் கேள்விக்குறிகளாக மாறிவிட்டால் கதை வேறு. கோப்பை ஆன்சி முறையில் சேமித்திருக்கிறீர்கள், எழுத்து போயே போச்சு. 2019-க்குப் பிந்தைய விண்டோஸ் 10-இல் நோட்பேட் தானாகவே யு.டி.எஃப்-8 எடுத்துக்கொள்ளும். பழைய கணினியில் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தம்பி அடுத்த சனிக்கிழமை வந்தான். கிளை அலுவலகத்துப் பழைய கணினியில் இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்த அறிவிப்பு, திரை முழுக்கக் கேள்விக்குறி. "சேமிக்கும்போது ஏதோ எச்சரிக்கை வந்துச்சுண்ணா, படிக்காம ஓகே அமுக்கிட்டேன்." நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் முதல் வரியிலிருந்து மறுபடி தட்ட உட்கார்ந்தான். நான் இரண்டு தே ஓ வாங்கக் கீழே போனேன்.