வீட்டு வைஃபை: தேர்வும் காவலும்

சரவணம்பட்டியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில் வசிப்பவருக்கும், பொள்ளாச்சிக்கு அப்பால் தென்னந்தோப்பின் நடுவே தோட்டத்துச் சாளையில் வசிப்பவருக்கும் வைஃபை ரௌட்டர் விஷயத்தில் ஒரே யோசனையைச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. முன்னவருக்குச் சங்கடம் அண்டை வீட்டு அலைகளின் நெரிசல். பின்னவருக்குச் சங்கடம் தூரம். ஆகையால் கடைக்குப் புறப்படுமுன் செய்ய வேண்டிய முதற்காரியம், கைபேசியோடு வீடு முழுவதையும் ஒரு சுற்று நடந்து, இப்போதுள்ள வைஃபை எந்த அறையில் மங்குகிறது, எந்தச் சுவரைத் தாண்டியதும் அறுந்துபோகிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்வதாகும். கிணற்றின் ஆழத்தையும் தண்ணீர் ஏறவேண்டிய உயரத்தையும் கணக்கிடாமல், குதிரைசக்தியை மட்டும் பார்த்து மோட்டார் வாங்குகிற விவசாயி கொங்கு நாட்டில் இல்லை. ரௌட்டர் வாங்குகிறவரும் சுவரையும் தூரத்தையும் அறிந்த பிறகே பெட்டியின் சக்தியை விசாரிக்க வேண்டும்.

இரண்டாவதாக, ஃபைபர் இணைப்போடு நிறுவனத்தார் மாட்டிச் சென்ற பெட்டியிலேயே பெரும்பாலும் வைஃபை வசதி இருப்பதால், அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளும் உண்டா என்று பாருங்கள். இருந்து, வீடும் இரண்டு மூன்று அறைகளுக்குள் அடங்குமானால், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

வாங்கியே ஆகவேண்டும் என்றால், அந்த இரண்டு அலைவரிசைகளின் குணத்தையும் அறிந்துகொள்வது அவசியம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு ஊடுருவிச் செல்லும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் அதில் 1, 6, 11 என மூன்றே இருப்பதால், இருபது வீட்டு ரௌட்டர்கள் ஒரே கட்டடத்தில் இயங்கும்போது எல்லாமே திணறிப்போகின்றன. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் தொல்லை தருகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகமும் பாதைகளும் அதிகம், ஆனால் தடித்த சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். எனவே மாடிக் குடியிருப்பில் உள்ளவர் 5 கிகாஹெர்ட்ஸையே பிரதானமாக உபயோகிக்கலாம். ஒன்றரை அடிச் சுவரெழுப்பிய பழைய தொட்டிக்கட்டு வீட்டுக்காரரோ, ஒரே பெரிய பெட்டியை நம்பாமல், இரண்டு சிறு பெட்டிகளை வயரால் இணைத்து முன்கட்டில் ஒன்றும் பின்கட்டில் ஒன்றுமாக வைப்பதே உசிதம்.

ஆறு ஆண்டெனா, எட்டு ஆண்டெனா என்று விளம்பரம் செய்வதைக் கண்டு மயங்கத் தேவையில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2005-ஆம் ஆண்டு லைசென்ஸிலிருந்து விடுவித்த அரசு விதிகளே அலைபரப்பும் சக்திக்கு உச்சவரம்பும் கட்டியிருக்கின்றன. அன்றியும், ரௌட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், பதில் சொல்ல வேண்டிய கைபேசியின் குரல் சிறிதாகவே இருக்கிறது. ஆண்டெனாக்களை எண்ணுவதை விட்டு, வைஃபை 6 தரம், டபிள்யூ.பி.ஏ.-3 பாதுகாப்பு, கிகாபிட் வேக வயர்த்துளைகள் ஆகிய மூன்றும் உள்ளனவா என்று கேளுங்கள். இவற்றினும் முக்கியமாக, அந்த மாடலுக்குரிய மென்பொருள் திருத்தம் கடைசியாக எப்போது வெளிவந்தது என்பதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். திருத்தம் நின்றுபோன பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இனி அதை வைக்கும் இடம். இணைப்புக் கொடுக்க வருபவர் வயர் உள்ளே நுழைகிற முன்ஜன்னலோரத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவது வழக்கம். இன்னும் சில மீட்டர் வயர் போட்டு, வீட்டின் மத்தியில், ஆள் உயரத்தில் மாட்டித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரும்பு பீரோவின் பின்னாலும், டிவிக்குப் பின்னாலும், பெரிய நிலைக்கண்ணாடிக்கு அருகிலும் வைக்கலாகாது. சாளையிலிருந்து கட்டுத்தரைக்கோ மோட்டார் ரூமுக்கோ இணைப்பு வேண்டுமானால் வயர் இழுப்பதே சரி. ஆனால் இதற்கு வழக்கமாகப் போடும் செம்பு வயருக்கு 100 மீட்டர்தான் எல்லை என்பதாலும், வெட்டவெளியில் ஓடும் செம்பு இடிமின்னலின் மின்பாய்ச்சலை உள்ளே கொண்டுவரக்கூடும் என்பதாலும், அதற்கு மேற்பட்ட தூரத்துக்கு ஃபைபரே ஏற்றது. கரண்ட் போனாலும் நின்றுவிடாதபடி ரௌட்டருக்கென்று ஒரு சிறிய யு.பி.எஸ். வைப்பது தோட்டத்து வீடுகளுக்கு ஆடம்பரமன்று. 2024 நவம்பரில் பல்லடம் அருகேயும், 2025-இல் சிவகிரி அருகேயும் தோட்டத்து வீடுகளில் நேர்ந்த கொலைகளுக்குப் பிறகு, தனித்திருக்கும் பெரியவர்களுக்காகக் கேமரா மாட்டுகிற பிள்ளைகளின் கவலையை நாம் அறிவோம். இருள் சூழ்ந்த வேளையில் அந்தக் கேமராவும் குருடாகிவிடக் கூடாதல்லவா?

அந்தக் கேமராவை உத்தேசித்தே அடுத்துவரும் காரியங்களை வற்புறுத்திச் சொல்கிறேன். 2016-இல் உலகெங்கும் பரவிய 'மிராய்' என்னும் தீங்குநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் தேடிப்பிடித்தே தன் படையாக்கிக்கொண்டது. 2017 ஜூலையில் நம் நாட்டில் பி.எஸ்.என்.எல். மோடம்கள் பல செயலிழந்ததற்கும் மாற்றாமல் விட்ட அந்த ஆரம்பக் கடவுச்சொல்லே வழிதிறந்தது. எனவே ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள முகவரியை, அநேகமாக 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்றிருக்கும், உலாவியில் தட்டி உள்ளே சென்று, நிர்வாகக் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். கேமராவின் கடவுச்சொல்லையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள்.

பிறகு வைஃபையின் கடவுச்சொல். நம்மவர்களில் மிகப் பலர் வீட்டுக்காரரின் செல் நம்பரையே கடவுச்சொல்லாக வைத்திருக்கிறார்கள். இந்தியக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்குவதால் சாத்தியமானவை மொத்தம் 400 கோடிதான். பழைய டபிள்யூ.பி.ஏ.-2 பாதுகாப்பு முறையில், இணைப்பு ஏற்படும் கணத்தைப் பதிவுசெய்துகொண்டு போனவன், விநாடிக்கு லட்சக்கணக்கில் பரீட்சிக்கவல்ல ஒரு கணினியைக் கொண்டு சில மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடலாம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை, உங்களுக்கே உரிய எழுத்துக்கூட்டலில் ஆங்கில எழுத்துகளில் தொடர்ச்சியாகத் தட்டி வையுங்கள். மனப்பாடம் செய்வதும் எளிது, ஊகிப்பதும் கடினம். பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ.-3 இருந்தால் அதையும், பழைய கைபேசிகள் அதற்கு இணங்காவிடில் இரண்டும் கலந்த முறையையும் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல்லே இல்லாமல் திறந்து விடுவது மகா அபாயம்: 2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டப்படாத ஒரு வீட்டு வைஃபை வழியாகச் சென்றிருந்ததால், அதில் சிறிதும் பங்கில்லாத குடியிருப்பாளரையே போலீஸார் முதலில் விசாரிக்க நேர்ந்தது.

டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். எட்டு இலக்க எண்ணால் இணைக்கும் அந்த முறையில், முதல் நான்கு இலக்கம் சரியா என்பதை ரௌட்டர் தனியே சொல்லிவிடுகிறது; கடைசி இலக்கமோ முன்னவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது; ஆகவே பத்துக் கோடி முயற்சிக்குப் பதிலாகப் பதினோராயிரம் முயற்சியே போதும் என்பது 2011-இல் வெளியாயிற்று. வெளியூரிலிருந்து ரௌட்டரை நிர்வகிக்கும் வசதியும் அவ்வாறே மூடியிருக்க வேண்டும். மென்பொருள் தானாகத் திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டைத் திறந்து வையுங்கள்.

நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் வருகிற உறவினர் வைஃபை கேட்கும்போது மறுப்பது நம் ஊர் மரியாதையன்று. அதற்கென்றே விருந்தினர் வலை என்ற தனி இணைப்பு ரௌட்டரில் பெரும்பாலும் உண்டு. கேமராவையும் டிவியையும்கூட அதிலேயே இணைத்துவிட்டால், அவற்றில் ஒன்று கெட்டுப்போனாலும் வங்கிக் கணக்கு பார்க்கிற கைபேசி வரைக்கும் தீங்கு எட்டாது. மாதம் ஒருமுறை, இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பார்த்து, அறியாத பெயர் தென்பட்டால் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

பழைய ரௌட்டரைப் பழைய இரும்புக் கடைக்கோ, எக்ஸ்சேஞ்சுக்கோ கொடுக்குமுன், பின்புறமுள்ள ரீசெட் துளையில் ஊசியை நுழைத்து, விளக்குகள் அணைந்து மீண்டும் எரியும்வரை அழுத்திப் பிடித்து, உள்ளே எழுதிவைத்த கடவுச்சொற்கள் அழிந்துவிட்டதை உறுதி செய்துகொண்டு கொடுங்கள்.