பதுக்கு நினைவகமும் முன்னூகமும்

யப்பானிய அறிஞர் புஜியோ மசுவோக்காவும் அவர்தம் குழுவினரும் 1987 ஆம் ஆண்டு வெளிப்படுத்திய நான்ட் பிளாஷ் நினைவகம், இன்று கைத்தொலைபேசியிலும் கணனியிலும் குடிகொண்டுள்ளது. அதனை எழுத்தெழுத்தாக வாசித்தல் இயலாது. பக்கம் பக்கமாகவே எடுத்தல் வேண்டும். ஒரு பக்கத்தை எடுக்க, செக்கனைப் பத்திலட்சம் கூறாக்கின், ஏறக்குறைய 50 கூறு செல்லும். பிரதான நினைவகத்துக்கோ ஒரு கூற்றின் பத்திலொன்றே போதும்.

இவ்விடைவெளியைக் குறைக்கவே, கேட்குமுன் எடுத்துப் பதுக்கு நினைவகத்தில் வைக்கும் உபாயம் கையாளப்படுகின்றது. சுழல்தட்டுக் காலத்துப் பழைய உபாயமே இது. வகுப்பிலே நாம் கூறும் உவமை வருமாறு: மாணவன் கம்பராமாயணத்துப் பாலகாண்டத்தை முடிக்குமுன்னரே நூலகர் அயோத்தியா காண்டத்தை மேசைமேல் வைத்துவிடுகின்றார். லினக்ஸ் பணிசெயல் முறைமையும், வாசிப்புத் தொடர்ந்து செல்லக் கண்டால், வழக்கமாக 128 கிலோபைற் வரை முற்கூட்டியே பெற்றுவைக்கும்.

அம்மாணவன் அடுத்து நிகண்டைக் கேட்பானாயின்? நூலகர் சுமந்தது வீண். அந்நேரத்திலே வேறொருவரும் காத்து நின்றிருப்பார். ஆதலின், ஊகம் பிழைக்குமிடத்து ஊகித்தலையே நிறுத்த அறிதல் வேண்டும். இவ்வுபாயத்தின் அரிய பகுதி அதுவே என்பது எம் கருத்து.

பெட்டிமேல் அச்சிட்ட பெருவேகம் தொடர்வாசிப்புக்கு உரியது. சிறு கோப்புக்கள் பலவற்றைச் சிதறத் திறப்போர் எழுமாற்று வாசிப்பின் வேகத்தைக் கேட்டறிந்து வாங்குக. அவ்வெண் பெரும்பாலும் பெட்டியின் முகப்பில் இராது.