வாசிக்காத வீணையை யாரிடம் விற்பது?

தஞ்சாவூர் வீணையில் நிலைக்கிற பொருளும் கெடுகிற பொருளும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. குடமும் தண்டியும் பலா மரம். நன்றாக உலர்ந்த பலா தலைமுறைகளைத் தாங்கும். அதன்மேல் 24 மெட்டுகளைப் பிடித்து வைத்திருப்பது தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த மெழுகு. அது கோடையில் இளகும், வருஷக்கணக்கில் தொடாமல் விட்டால் காய்ந்து வெடிக்கும். மெழுகு நகர்ந்தால் மெட்டு நகரும், மெட்டு நகர்ந்தால் சுரம் விலகும். நெடுங்காலம் உறைக்குள் கிடந்த வீணையை எடுத்து மீட்டும்போது அபசுரம் கேட்பது பெரும்பாலும் இதனால்தான். வாங்க வந்தவர் விவரம் தெரியாதவர் என்றால் வீணை போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார். வீணை செய்பவர் தண்டியை நீளவாக்கில் ஒரு கண்ணால் நோக்கி, குடத்தைத் தட்டிக் கேட்டு, மெழுகை மாற்றி மெட்டுகளை மீண்டும் பதித்து மேளம் கட்டினால் சரியாகிவிடும் என்பார். இந்த இருவர் சொல்லும் விலையும் ஒன்றாக இருக்க வழியில்லை. அதனால்தான் கையால் செய்த வாத்தியத்தை அதன் மரத்தைப் பார்க்கத் தெரிந்தவர் வழியாகவே விற்க வேண்டும் என்று சொல்கிறேன். ஆலையில் செய்த வாத்தியத்துக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

ஆலை வாத்தியத்தை முதலில் சொல்லி முடித்துவிடலாம். கேஸியோ, யமஹா கீபோர்டுக்கும் ஏராளமாக விற்கும் கிடாருக்கும் மாடல் எண்தான் அடையாளம். அதே மாடல் புதிதாக என்ன விலை என்பதை வாங்குபவர் கைபேசியிலேயே பார்த்துக்கொள்வார். எல்லாக் கட்டையும் ஒலிக்கிறது, அடாப்டர் இருக்கிறது, பேட்டரி கசிந்த கறை இல்லை என்று ஒரு நிமிடக் காணொளியில் காட்டினால் போதும். இவற்றுக்கு இணைய விளம்பரம்தான் நல்ல வழி. கடையில் மாற்றிக்கொண்டால் கடைக்காரரின் லாபம் உங்கள் விலையில் கழியும். மின்னணுப் பொருளுக்கு வயது ஏற ஏற மதிப்பு இறங்கும் என்பதால், குழந்தை வாசிப்பதை நிறுத்திவிட்டது உறுதியானால் அடுத்த மாதம் வரை காத்திருக்கக்கூட காரணம் இல்லை.

வயலின் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பழைய வயலினுக்குள் ஸ்ட்ராடிவாரியின் பெயர் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பெரும் கனவு காண்பவர்கள் உண்டு. ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்துவிட்டார். அவருடைய வடிவத்தைப் பின்பற்றி 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஜெர்மனியிலும் பொஹிமியாவிலும் பட்டறை பட்டறையாகச் செய்த வயலின்களில், எந்த வடிவம் என்று காட்ட அதே சீட்டை ஒட்டினார்கள். சீட்டு எதையும் நிரூபிக்காது. ஆனால் அந்த ஜெர்மன் வயலின்களில் சில நல்ல நாதம் உள்ளவை, சில சமயம் கூட இருக்கும் வில் தனியாகவே மதிப்புள்ளது. அதனால் சீட்டை நம்பி விலை கேட்பதும் தவறு, சீட்டு பொய் என்று தெரிந்தவுடன் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதும் தவறு. வயலின் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யலாம். அரை, முக்கால் அளவு வயலின்கள் குழந்தை வளர வளர மாற்ற வேண்டியவை. அவற்றுக்கு ஆசிரியர் வீட்டைவிடச் சிறந்த சந்தை இல்லை. ஒரு குழந்தை முழு அளவுக்குப் போகும்போது இன்னொன்று முக்கால் அளவுக்கு வந்து நிற்கும்.

வீணைக்குத் திரும்புவோம். அதை விற்க மூன்று பேரிடம் போகலாம்: கடைக்காரர், செய்பவர், சொல்லிக்கொடுப்பவர். கடைக்காரர் உடனே பணம் தருவார், அல்லது புதியதில் கழித்துக்கொள்வார். ஆனால் அவர் அதை வாங்கியபின் செய்பவரிடம் அனுப்பிச் சரிசெய்து, இடம் ஒதுக்கி, வாங்குபவர் வரும்வரை வைத்திருக்க வேண்டும். அத்தனை செலவையும் முன்கூட்டியே உங்கள் விலையில் குறைப்பார். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அவசரம் உள்ளவர் அந்தக் கழிவைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறார். செய்பவரிடம் போனால் வேறு கணக்கு. ஏகாண்ட வீணையா ஒட்டு வீணையா என்பதை அவர் பார்த்தவுடன் சொல்வார். குடம், தண்டி, யாளி முகம் எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்தது ஏகாண்டம், தனித்தனியாகச் செய்து சேர்த்தது ஒட்டு. ஒட்டு வீணையில் இணைப்பு தளர்ந்திருந்தால் இரைச்சல் கேட்கும், அது சரிசெய்யக் கூடியது. தண்டி வளைந்திருந்தால் அது பெரும் குறை. இந்த இரண்டையும் புகைப்படத்தில் பிரித்துக் காண முடியாது. அவருக்குக் கொடுக்க வேண்டியது மேளம் கட்டும் கூலியும் தந்தி விலையும், விற்றுக் கொடுத்தால் ஒரு பங்கும்தான். ஆசிரியர் வழி இன்னும் நேரானது: புது வீணை வாங்கத் தயங்கும் மாணவரும் உங்கள் வீணையும் நேரே சந்திக்கின்றன. வாங்கும் வீட்டாருக்கு வாசித்துப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை கிடைக்கிறது.

ஆசிரியருக்கும் செய்பவருக்கும் சொந்த லாபம் இருக்காதா, அவர்கள் குறைத்துச் சொன்னால் நமக்குத் தெரியவா போகிறது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒருவரிடம் மதிப்பு கேட்டு, வேறொருவர் வழியாக விற்பதே இதற்குக் காப்பு. மதிப்புச் சொல்பவருக்கு அவர் நேரத்துக்கான கூலியைக் கொடுத்துவிடுங்கள்; வாங்கும் எண்ணம் இல்லாதவர் சொல்லும் குறை பொதுவாக உண்மைக் குறைதான். விற்பதற்கு முன்னால் நாமே செலவு செய்து புதுப்பிக்கலாமா என்பது இதை ஒட்டி வரும் கேள்வி. வர்ணம் பூசுவதும் பளபளப்பு ஏற்றுவதும் வேண்டாம். விவரம் தெரிந்தவர் எதை மறைக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். தந்தி மாற்றுவது சின்னச் செலவு, செய்யலாம். மேளம் கட்டுவதை மட்டும் வாங்குபவர் விருப்பத்துக்கு விட்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்வது நல்லது. புதிதாகக் கட்டிய மேளம் விற்கும்வரை இன்னொரு கோடையைக் கண்டால் அந்தச் செலவு வீண்.

மிருதங்கத்திலும் இதே நியாயம் நடக்கிறது, இன்னும் தெளிவாக. வலந்தலை, தொப்பி, வார் எல்லாம் தோல். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியவை. விற்பது கட்டையைத்தான். கிழிந்த தோலைப் பார்த்துத் தூக்கி எறியப்படும் மிருதங்கத்துக்குள் விரிசல் இல்லாத பழைய பலாக் கட்டை இருக்கலாம், தோல் மூட்டுபவருக்கு அது தெரியும். விளம்பரம் செய்வதானால் சுருதியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஐந்து கட்டைக்குப் பாடுபவருக்கு வாசிக்கும் ஹெச்சு மிருதங்கம் தேடுபவரிடம் பெரிய தக்கு மிருதங்கத்தைக் காட்டிப் பயன் இல்லை. நாதஸ்வரத்தில் சுருதி வரலாறாகவே மாறியிருக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்த பாரி நாயனம் பரவியபின், உயர்ந்த சுருதியில் பேசும் பழைய திமிரிக்குக் கச்சேரி மேடையில் தேவை குறைந்துவிட்டது. ஆனால் ஆச்சா மரத்தில் பழசு வேண்டும் என்று பழைய வீடுகளை இடிக்கும்போது உத்தரங்களை வாங்கிவந்து கடையும் ஊர் நரசிங்கம்பேட்டை. 2022இல் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர்க்காரரிடம் காட்டாமல் ஒரு பழைய நாயனத்தை விற்கக் கூடாது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு காரைக்குடியிலிருந்து வரும். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளைப் போன்ற இடங்களில், வேலைப்பாடுள்ள வீணைக்கு மாணவர் தருவதைவிட அதிக விலை கிடைக்கக் கூடும். விடுதி முகப்பில் வைக்க வாங்குபவர் மெழுகைப் பார்ப்பதில்லை. பணம்தான் அளவுகோல் என்றால் அந்த வழியைக் குறை சொல்ல முடியாது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. வாசிக்கத்தக்க வீணை ஒன்று அலங்காரமாகப் போனால், புதியதன் விலை எட்டாத ஒரு மாணவருக்கான வாய்ப்பும் அதோடு போகிறது. அந்த வியாபாரத்தில் சட்டச் சிக்கலும் உண்டு. பழைய வீணைகளில் யானைத் தந்தம் இழைத்திருப்பார்கள். வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 1986ஆம் ஆண்டுத் திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தையும், 1991ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் தடுத்தன. பாட்டி காலத்துப் பொருள் என்பது விற்க அனுமதி ஆகாது. தந்தமா, மான் கொம்பா, பிளாஸ்டிக்கா என்று ஐயம் இருந்தால் விளம்பரம் போடும் முன்பே வனத்துறையிடம் கேட்டுவிட வேண்டும். நூறு ஆண்டைக் கடந்த கைவினைப் பொருளை நினைத்தபடி வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் கேட்கிறார் என்று பெட்டி கட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரஸ்வதி பூஜையில் வைத்துக் கும்பிட்டதை விற்பதா என்று தயங்குபவர்களுக்குக் கொடையும் ஒரு வழி. மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன, சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய இடங்களில் அரசு இசைக்கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் கொடுக்கும் முன், அந்த வாத்தியம் அங்கே சொல்லித்தரப்படுகிறதா, பழுது பார்க்க அவர்களிடம் பணம் உண்டா என்று கேளுங்கள். மேளம் கட்டாத வீணையைக் கொடுத்தால் நம் வீட்டு மூலையிலிருந்து பள்ளிக்கூட மூலைக்கு மாற்றியதாகத்தான் ஆகும். மேளம் கட்டும் கூலியையும் சேர்த்துக் கொடுக்க முடிந்தால் கொடை சிறந்தது. முடியாவிட்டால் ஆசிரியர் வழியாக ஒரு மாணவருக்குக் குறைந்த விலையில் விற்பதே மேல். வாங்கிய வீட்டில் அதைச் சரிசெய்யும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்வார்கள்.

காலமும் கணக்கில் வரும். புதிதாகக் கற்கத் தொடங்குபவர்கள் விஜயதசமியன்று சேர்வதால், ஆவணியிலேயே ஆசிரியர்களிடம் சொல்லி வைக்க வேண்டும். நவராத்திரி முடிந்தபின் கேட்டால் வாங்க வேண்டியவர்கள் ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள். அதுவரை தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, வெயில் படாத இடத்தில் வைத்திருங்கள். பார்க்க வருபவர் ஆசிரியரையும் அழைத்துவந்து நிதானமாக வாசித்துப் பார்க்கட்டும். யார் செய்தது, எந்த ஊர், கடைசியாக எப்போது மேளம் கட்டியது என்று தெரிந்ததை எழுதிக் கொடுங்கள். வந்தவர் எல்லோரும் தண்டி வளைந்துவிட்டது என்றே சொன்னால், செய்பவரும் சரிசெய்ய முடியாது என்று கைவிட்டால், பிரடை, மெட்டு, குதிரை ஆகியவற்றை அவர் எடுத்துக்கொள்ளட்டும். மிஞ்சுவதைக் காரைக்குடிக்கு அனுப்புவதில் அப்போது எனக்கு மறுப்பில்லை.