சேரியும் கண்ணகி நகரும்

சொற்கள் தாமாக இழிவதில்லை. அவற்றை வழங்குவோரின் மனமே அவற்றை இழிவுபடுத்துகிறது. 'சேரி' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். பலர் சேர்ந்து வாழும் இடம் சேரி. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், அந்தணர் வாழ்ந்த அவ்வூரின் பிரிவுகளே சேரி எனக் குறிக்கப்பெறுகின்றன. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலுக்கு வெளியே இருந்த புறஞ்சேரி, அறவோர் உறைந்த இடம். இன்றோ அச்சொல் வசைச்சொல்லாகிவிட்டது.

1970 ஆம் ஆண்டு தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றியது. மயிலாப்பூரை அடுத்த நொச்சிக்குப்பம் உள்ளிட்ட பல இடங்களில் குடிசைகள் நீங்கி அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. குடிசை மறைந்தது, குடியிருந்தோரைப் பற்றிய ஏளனம் மறையவில்லை. 'ஹவுசிங் போர்டு' என்பதைச் சிலர் சொல்லும் தொனியே அதனைக் காட்டும். 2021 இல் வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. நல்ல பெயரே. ஆயினும் மனம் மாறாவிடின், இப்பெயரும் நாளடைவில் 'சேரி' அடைந்த கதியையே அடையும்.

கண்ணகி நகரின் வரலாறு இதனை மெய்ப்பிக்கிறது. 2000 ஆம் ஆண்டு முதல் சென்னையின் ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, கடற்கரைக் குடிசைவாழ் மக்கள் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் குடியேற்றப்பட்டனர். அங்கு 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. வீடு தொலைவில் அமைந்தது. பிழைப்போ பலருக்கு மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலுமே இருந்தது. வேலை தேடும் இளைஞர் பலர், 'கண்ணகி நகர்' என எழுதினால் வாய்ப்புப் போய்விடும் என்றஞ்சி, 'துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதுகின்றனர்.

மெரினாவில் 1968 இல் நிறுவப்பட்ட கண்ணகி சிலை 2001 இல் அகற்றப்பட்டபோது தமிழுலகம் கொதித்தெழுந்தது. 2006 இல் சிலை மீண்டும் தன் இடத்தில் நின்றது. கடற்கரையிலிருந்து அகற்றப்பட்ட மனிதர்க்காக அத்துணைக் குரல்கள் எழவில்லை. சிலையைப் போற்றும் நாம், அவள் பெயர் தாங்கிய முகவரியைக் கண்டு முகஞ்சுளிப்பது முறையாகுமா?

காப்பியக் கண்ணகியும் ஊர் பெயர்ந்து வந்தவளே. மதுரையில் அவளுக்கு அடைக்கலம் தந்தவள் செல்வச் சீமாட்டி அல்லள்; மாதரி என்னும் இடைக்குல மூதாட்டி. தன் மகள் ஐயையையே அவளுக்குத் துணையாக்கினாள். அடைக்கலப் பொருளைக் காக்க இயலாமற் போனதற்காகத் தீயில் புகுந்து உயிர்விட்டாள். உழைக்கும் எளியோரின் அறவுணர்வுக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

சிலம்பை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுதல் எளிது. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணை எவ்வாறு விளிக்கிறோம், வகுப்பில் அருகே அமர்ந்த தோழனின் முகவரியைக் கேட்டதும் நம் முகம் எவ்வாறு மாறுகிறது, நம் கடைக்கு வேலை கேட்டு வரும் இளைஞனின் விண்ணப்பத்தில் முதலில் எதைப் படிக்கிறோம் என்பனவே, நாம் அக்காப்பியத்தைக் கற்றோமா என்பதைக் காட்டும். மாணவரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் இவ்வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்வாராக.