ஆய்வுக் கட்டுரையும் குறிச்சொல்லும்

நூலகத் தட்டில் ஒரு நூலுக்கு ஓரிடமே உண்டு. இணையத்தில் காணும் ஆய்வுக் கட்டுரைக்கோ, படிப்போரே பல குறிச்சொற்களை இட்டுத் தொகுக்கவும் பிறருடன் பகிரவும் இயலும். இம்முறையில் முன்னோடியாக விளங்கியது, ரிச்சர்டு கேமரன் 2004ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய 'சைட்யுலைக்' என்னும் தளமாகும். அவ்வாண்டின் இறுதியிலேயே 'நேச்சர்' பதிப்பகத்தாரின் 'கனோட்டியா'வும் தோன்றியது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1572இல் அரங்கேறியதாகக் கூறப்படும் ஆயிரம் மசலா பற்றிய கட்டுரைக்கு 'மசலா', 'வண்ணப்பரிமளப் புலவர்', 'வினாவிடை இலக்கியம்' எனக் குறியிடலாம். இலக்கிய வகைமையை ஆராய்வோரும் புலவர் வரலாறு தேடுவோரும் தத்தம் வழியில் அதனை அடைவர்.

ஆயினும், இவ்வுரிமையே இடராவதும் உண்டு. ஒருவர் 'மசலா' என்பார். மற்றொருவர் 'மசாலா' என்பார். 'முனாஜாத்து' என்பாரும் 'முனாசாத்து' என்பாரும் உளர். நமக்குப் பொருள் ஒன்றே. கணிப்பொறிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடுவோர்க்கு மற்றதன்கீழ் உள்ளவை புலப்படாமற் போகலாம். முன்னோர் ஆராய்ந்து முடித்ததை அறியாது, மாணவர் அதனையே மீண்டும் ஆராய நேரும்.

தளங்களும் நிலையானவை அல்ல. கனோட்டியா 2013இலும் சைட்யுலைக் 2019இலும் மூடப்பட்டன. 2006இல் வெளிவந்த 'ஸோட்டெரோ' இன்று குழுவாகத் தொகுக்கத் துணைபுரிகிறது.

எனவே, ஒவ்வொரு துறையும் பொதுக் குறிச்சொற் பட்டியல் ஒன்றை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். தொகுப்பின் படியொன்றைத் தம்மிடமும் காத்தல் வேண்டும். பெயரிடுவதில் நாம் காட்டும் ஒற்றுமையே பின்வருவோர்க்கு வழியாகும்.