மணல் போனால் மனிதரும் போவர்

கேள்வி: பொம்மையார்பாளையத்தில் மீனவப் பிள்ளைகள் வெளி வேலைக்குப் போகிறார்கள், வெளிநாட்டினரோ இங்கே வந்து குடியேறுகிறார்கள். ஏன் இப்படி? போனவர்களின் ரேஷன் உரிமை போய்விடுமா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: முதல் காரணம் மணல். இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. வடக்கே உள்ள கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் கரைகளைக் கடல் அரித்தது. கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றாலும் அதற்கு வடக்கே தொடங்கிவிடுகிறது. மீனவருக்குக் கரைதான் பணியிடம்: படகை ஏற்ற, வலை உலர்த்த, கருவாடு காயவைக்க மணல் வேண்டும். அது சுருங்கும்போது அடுத்த தலைமுறை கட்டடம், ஓட்டல், கம்பெனி வேலைகளைத் தேடுகிறது. இதை விருப்பப் பயணம் என்று சொல்வது நியாயமாகாது.

வருகிறவர்களை இழுத்தது பிழைப்பு அல்ல, ஒரு கொள்கை. 1968 பிப்ரவரி 28 அன்று அருகில், பல நாட்டவரும் ஒன்றாக வாழ்வதற்கான நகரமாக ஆரோவில் தொடங்கியது. தொடக்க விழாவில் 124 நாடுகளின் மண் ஒரே தாழியில் இடப்பட்டது. சுற்றுக் கிராமங்களுக்கு வேலையும் வியாபாரமும் கிடைத்தன. கூடவே நிலத்தின் விலை ஏறியது. உள்ளூர்க்காரருக்கு மனை வாங்குவது கடினமானது. குடியேற்றம் எங்கும் இவ்விரண்டையும் சேர்த்தே கொண்டுவரும்.

ரேஷன் பற்றிக் கவலை வேண்டாம். 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் நடப்பில் உள்ளது. தமிழ்நாட்டுக்குள் குடிபெயர்ந்தவர் புதிய ஊர்க் கடையிலேயே கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம்.