விரைந்த சோதனையும் பொறுத்த தீர்ப்பும்

மார்பகக் கட்டி புற்றோ அன்றோ என்பதை, அறுவை நிகழும்போதே அறிதல் கூடுமோ என்பது யாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

அமெரிக்க நாட்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1891-இல் வெல்ச் என்பார் இதற்கு முயன்றார். விடை கிடைக்குமுன் அறுவை முடிந்துவிட்டது. 1905-இல் மேயோ மருத்துவ நிலையத்து லூயி வில்சன், திசுவை உறையச்செய்து, மெல்லிதாய்ச் சீவி, மெதிலீன் நீலச் சாயமேற்றிச் சில நிமிடங்களில் நுண்ணோக்கியாற் காணும் முறையை வெளியிட்டார்.

இம்முறையிற் 'புற்று உண்டு' என்னும் முடிபு பிழைபடுதல் மிக அரிது. 'இல்லை' என்பதே ஐயத்திற்குரியது. ஏனெனில், சீவாது விட்ட பகுதியில் நோய் மறைந்திருத்தல் கூடும். உறைவிற் பிறக்கும் பனித்துகள் உயிரணுவின் வடிவைச் சிதைக்கும். கொழுப்பு மிக்க மார்பகத் திசு எளிதில் உறையாது. ஆகலின், மெழுகிற் பதித்துச் சீவும் மெதுவான சோதனையே இறுதித் தீர்ப்பாகும்.

முன்னாளில், மயக்கத்தில் ஆழ்ந்த பெண், மார்பகத்தோடு விழிப்போமோ இழந்து விழிப்போமோ என்றறியாள். இந்நாளில் பெரும்பாலும் ஊசியால் துணுக்கெடுத்து முன்னரே நோயை உறுதிசெய்கின்றனர். உறைவுச் சோதனையோ அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் வெட்டு விளிம்பையும் ஆராயச் சிலவிடங்களிற் பயன்படுகின்றது.

விரைவு நன்றே, ஆயினும், தன் உடல்பற்றிய தீர்ப்பை அவள் விழித்திருந்து கேட்டு இசைதல் அதனினும் நன்று என்பதே எம் துணிபு.